படுகொலையை நிறுத்தப் படை போகலாமா? 1944 முதல் 2011 வரை ஒரு விளக்கம்

தார்ஃபூர், காசா, மியான்மர் என்று ஏதாவது ஒரு பேர் செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது. கண்ணெதிரே கொல்கிறார்கள், உலகத்தில் இத்தனை ராணுவம் இருக்கிறது, ஏன் யாரும் போய் நிறுத்துவதில்லை? நீலகிரியில் இந்தக் கேள்விக்குச் சூடு கொஞ்சம் அதிகம். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்து லைன்களிலும் வாழ்கிறார்கள். இந்தியாவுக்கு வராமல் அங்கேயே தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வன்னிக்குப் போனார்கள், அவர்களில் பலர் 2009-இல் முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்டார்கள். இதே மாவட்டத்தில்தான் முப்படை அதிகாரிகள் படிக்கும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரும் இருக்கின்றன. "படை அனுப்பியிருக்கலாமே" என்று கேட்பவரும் "அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா" என்று பதில் சொல்பவரும் ஒரே பஸ்ஸில் ஏறுகிற ஊர் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படையால் படுகொலையை நிறுத்த முடியும், நிறுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் "முடியாது" என்று கைவிரித்த பல இடங்களில் முடியுமா என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்க்கவில்லை. "முடியும்" என்று கிளம்பிய பல இடங்களில் எதை நிறுத்தப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்ற தெளிவே இல்லாமல் போனார்கள். இரண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் சாதாரண ஜனங்கள்.

## முதலில் அடிப்படை

1. 1948 டிசம்பர் 9-ஆம் தேதி ஐநா பொதுச்சபை ஏற்ற இனப்படுகொலை ஒப்பந்தத்தின்படி, ஒரு தேசிய, இன, மதக் கூட்டத்தை முழுசாகவோ ஒரு பகுதியாகவோ அழிக்கும் *நோக்கத்தோடு* செய்வதுதான் இனப்படுகொலை. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுக்கும். மானுடத்துக்கு எதிரான குற்றம் என்பது வேறு: பொதுமக்கள் மேல் பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தும் தாக்குதல் என்று காட்டினால் போதும், இனத்தை அழிக்கும் நோக்கம் தேவையில்லை. சாகிறவனுக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் இல்லை, அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

2. அந்த ஒப்பந்தத்தின் முதல் பிரிவே, கையெழுத்திட்ட நாடுகள் இனப்படுகொலையைத் "தடுப்போம், தண்டிப்போம்" என்று உறுதி கொடுப்பதுதான். எப்படித் தடுப்பது, படை அனுப்பலாமா என்பதை அது சொல்லவில்லை.

3. ஐநா சாசனத்தின் 2(4) பிரிவு இன்னொரு நாட்டின் மேல் பலம் பிரயோகிக்கக் கூடாது என்கிறது. விதிவிலக்கு இரண்டே இரண்டு. ஒன்று, 51-ஆம் பிரிவின்படி தற்காப்பு. இரண்டு, ஏழாம் அத்தியாயத்தின்படி பாதுகாப்புச் சபையின் அனுமதி. பக்கத்து நாட்டில் ஜனங்களைக் கொல்கிறார்கள் என்பதற்காக ஒரு நாடு தன்னிச்சையாகப் படை அனுப்பலாம் என்று சாசனத்தில் எங்கேயும் இல்லை.

4. பாதுகாப்புச் சபையில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்தில் ஒன்று வேண்டாம் என்றால் தீர்மானம் செத்துப்போகும், இதற்குப் பேர் வீட்டோ. கொல்பவருக்கு இந்த ஐந்தில் ஒரு நண்பர் இருந்தால் போதும்.

இன்னொரு விஷயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும், விவாதங்களில் பெரும்பாலும் இது குழம்பிவிடுகிறது. கொலையை நிறுத்துவதற்காகப் புதிதாகப் போர் தொடங்குவது ஒன்று. ஏற்கெனவே போர் நடந்துகொண்டிருக்கிறது, விமானமும் குண்டும் தயாராக இருக்கின்றன, அதில் ஒரு பகுதியை இந்தப் பக்கம் திருப்புவதா வேண்டாமா என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சட்டச் சிக்கல் உண்டு. இரண்டாவதற்குச் சட்டம் ஒரு தடையே இல்லை, அங்கே கேள்வி முழுக்க முழுக்க எதற்கு முன்னுரிமை என்பதுதான். அதனால்தான் 1944-இலிருந்து தொடங்குகிறேன்.

## ஆஷ்விட்ஸ் மேல் ஏன் குண்டு போடவில்லை

1944 ஏப்ரலில் ருடால்ஃப் வ்ர்பா, ஆல்ஃப்ரெட் வெட்ஸ்லர் என்ற இரண்டு ஸ்லோவாக்கிய யூதக் கைதிகள், போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலை முகாமிலிருந்து தப்பினார்கள். முகாமின் வரைபடம், விஷவாயு அறைகள் வேலை செய்யும் விதம், வந்து சேர்ந்த ரயில்கள், கொல்லப்பட்டவர்களின் தோராயக் கணக்கு என்று எல்லாவற்றையும் சொல்லி ஓர் அறிக்கை ஆக்கினார்கள். அடுத்த மாதம் மே 15-ஆம் தேதி ஹங்கேரி யூதர்களை ரயிலேற்றுவது தொடங்கியது. ஜூலை 9 வரை, எட்டு வாரத்துக்குள், சுமார் 4,37,000 பேர். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸின் பிர்கனாவ் முகாமுக்கு, அவர்களிலும் பெரும்பாலானோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள்.

அறிக்கையின் சாரம் ஜூன் மாதத்தில் மேற்கு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ரயில் பாதைகளைத் தகர்க்கவும் விஷவாயு அறைகள் மேல் குண்டு போடவும் யூத அமைப்புகளிடமிருந்து கோரிக்கைகள் போயின. அமெரிக்கப் போர்த்துறையின் துணைச் செயலர் ஜான் மெக்லாய் எழுதிய பதில் இன்று வரை விவாதத்தின் மையம்: இது நடைமுறைக்கு ஒத்துவராது, வேறு இடங்களில் முக்கியமான போரில் இருக்கும் விமானப் படையைத் திருப்பிவிட வேண்டியிருக்கும், பலனும் சந்தேகம். பிரிட்டனில் ஜூலை 7-ஆம் தேதி சர்ச்சில் தன் வெளியுறவு அமைச்சர் ஈடனிடம் விமானப் படையிடமிருந்து முடிந்ததை வாங்குங்கள், தேவைப்பட்டால் என் பேரைச் சொல்லுங்கள் என்றே எழுதினார். அதுவும் விமானத் துறை அலுவலகங்களுக்குள் சுற்றிச் சுற்றிக் கரைந்துபோனது.

மெக்லாயின் பதிலில் என்னை உறுத்துவது அது மறுத்ததுகூட இல்லை. இத்தாலியின் ஃபோஜாவில் இருந்த விமானப் படைத் தளபதிகளிடம் "இது முடியுமா, எத்தனை விமானம் வேண்டும்" என்று கேட்டு ஆராய்ந்த பிறகு அந்தப் பதில் எழுதப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்களை மீட்பதற்கென்று தனியாகப் படைப்பிரிவுகளை ஒதுக்குவதில்லை என்று போர்த்துறை அந்த வருஷத் தொடக்கத்திலேயே முடிவெடுத்து வைத்திருந்தது. கேள்வி வருவதற்கு முன்பே விடை தயார்.

1944 ஆகஸ்ட் 20-ஆம் தேதி 127 அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் வந்து ஆஷ்விட்ஸ் வளாகத்தின் மோனோவிட்ஸ் பகுதியில் இருந்த ஐஜி ஃபார்பன் ரசாயனத் தொழிற்சாலை மேல் குண்டு போட்டன. போர்க்களத்துக்குச் செயற்கை எரிபொருளும் ரப்பரும் தயாரிக்கவென்று கட்டிய ஆலை அது, அதனால் முன்னுரிமை. விஷவாயு அறைகள் அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் இருந்தன, குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவங்காட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வரும் தொலைவுதான். "அவ்வளவு தூரம் விமானம் போகாது" என்ற வாதம் அன்றோடு முடிந்துபோயிற்று.

குண்டு போட்டிருக்கக் கூடாது என்பவர்களின் வாதங்களும் வெறும் சாக்கு இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. *குறி.* அன்றைய கனரக விமானங்கள் பல ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து குண்டைக் கொட்டின, அதில் கணிசமான பகுதி இலக்குக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி விழுந்தது. பிர்கனாவில் விஷவாயு அறைகளுக்குப் பக்கத்திலேயே கைதிகளின் கொட்டகைகள். தாழப் பறந்து துல்லியமாகத் தாக்கும் மஸ்கிட்டோ விமானங்கள் பிரிட்டனிடம் இருந்தன. ஆனால் 1945 மார்ச்சில் கோபன்ஹேகனில் அதே மஸ்கிட்டோக்கள் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமையகத்தைத் தாக்கப் போனபோது சில தவறிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாக்கி 86 குழந்தைகள் செத்துப்போனார்கள்.

2. *ரயில் பாதை.* தண்டவாளத்தை ஓரிரு நாளில் சரிசெய்துவிடுவார்கள், திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்த வாதம் பலமானது என்றே நினைக்கிறேன்.

3. *மாற்று வழி.* வாயு அறை இல்லாவிட்டால் துப்பாக்கி. சோவியத் மண்ணில் பத்து லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை நாஜிகள் குழிகளின் ஓரம் நிறுத்திச் சுட்டே கொன்றார்கள். உண்மைதான், ஆனால் 1944 கோடையில் ஆள் பற்றாக்குறையில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மனி ஒரு நாளைக்குப் பல ஆயிரம் பேரை அப்படிக் கொல்ல எத்தனை ஆட்களை ஒதுக்க முடிந்திருக்கும்?

4. *தேதி.* இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. அறிக்கை வந்து, கோரிக்கை போய், திட்டம் போட்டு விமானம் கிளம்பும் முன் ஹங்கேரி யூதர்களில் பெரும்பாலானோர் செத்துவிட்டிருப்பார்கள். சரி. ஆனால் கொலை ஜூலையோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவிலிருந்து சுமார் 67,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். அறைகள் நவம்பர் தொடக்கம் வரை வேலை செய்தன. மோனோவிட்ஸ் மேல் விமானம் வந்த ஆகஸ்ட் 20 இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

முகாமுக்கு உள்ளே இருந்தவர்கள் பலன் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை, செய்தார்கள். 1944 அக்டோபர் 7-ஆம் தேதி, பிணம் எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் கிளர்ந்தெழுந்து நான்காம் எரியூட்டிக் கூடத்தைப் பாழாக்கினார்கள். அதற்கு வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக் கொடுத்த நான்கு பெண்கள் அடுத்த ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இன்னொரு தகவலைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி ஜூலை முதல் வாரத்தில் நாடுகடத்தலை நிறுத்தச் சொன்னார். ரூஸ்வெல்ட், போப், ஸ்வீடன் மன்னர் என்று பல பக்கமிருந்தும் அழுத்தம் வந்திருந்தது, ஜூலை 2-ஆம் தேதி புடாபெஸ்ட் மேல் பெரிய குண்டுவீச்சும் நடந்திருந்தது. அந்தக் குண்டுவீச்சு யூதர்களுக்காக நடந்ததில்லை, ஆனால் அடுத்தது நாம்தான் என்று பயப்பட ஹோர்த்திக்கு அது காரணம் கொடுத்தது. புடாபெஸ்ட் நகரத்து யூதர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர் அந்தக் கோடையில் ரயிலேறாமல் தப்பினார்கள். அக்டோபரில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புக்குறிக் கட்சி ஆட்சியைப் பிடித்தபோது அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், ஆனாலும் பெரும்பகுதி பிழைத்தது.

## படையால் என்னென்ன வேலை செய்யலாம்

"படை அனுப்பு" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம், உள்ளே நான்கைந்து வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன.

1. கொலைக் கருவியை முடக்குவது. ஆஷ்விட்ஸ் விவாதம் இந்த வகை. ருவாண்டாவில் 1994-இல் அந்தக் கருவி ஒரு வானொலி. ஆர்டிஎல்எம் என்ற நிலையம், கொலைக்கு இலக்கான துட்சி இனத்தவர் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று ஒலிபரப்பியது. அதன் அலைவரிசையை விமானத்திலிருந்து தடை செய்யலாமா என்று அமெரிக்க அரசுக்குள் யோசனை வந்தபோது பென்டகன் ஒரு மணிநேரப் பறப்புக்கு 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கலும் உண்டு என்று தட்டிக்கழித்தது. ஒரு குண்டும் தேவைப்படாத வேலை அது.

2. ஆகாயத்திலிருந்து மட்டும் அடித்துப் பணியவைப்பது. கொசோவோவுக்காக 1999 மார்ச் 24 முதல் 78 நாள் நேட்டோ யூகோஸ்லாவியா மேல் குண்டு போட்டது. கடைசியில் யூகோஸ்லாவிய அதிபர் மிலோஷெவிச் பணிந்தார். ஆனால் குண்டுவீச்சு தொடங்கிய பிறகு செர்பியப் படைகள் கொசோவோ அல்பேனியர்களை விரட்டுவதை வேகப்படுத்தின, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். மேலே இருப்பவனால் கீழே கத்தியோடு வீடு வீடாகப் போகிறவனைத் தடுக்க முடியாது.

3. பாதுகாப்பு வலயம். ஸ்ரெப்ரெனிட்சாவை 1993 ஏப்ரலில் ஐநா பாதுகாப்பான பகுதி என்று அறிவித்தது. போஸ்னியாவில் இப்படி அறிவித்த ஊர்களைக் காக்க 34,000 கூடுதல் வீரர்கள் வேண்டும் என்று ராணுவ மதிப்பீடு வந்தது, உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டது 7,600 பேருக்கு. 1995 ஜூலையில் ஐநாவின் சில நூறு டச்சு வீரர்களின் கண்முன்னே ஊர் போஸ்னிய செர்பியப் படையிடம் விழுந்தது, சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஐநா காப்பாற்றும் என்று நம்பி அங்கே வந்து கூடியவர்கள் அவர்கள். காக்கும் பலம் இல்லாமல் வலயம் அறிவிப்பது எதுவும் செய்யாமல் இருப்பதைவிடக் கொடுமை என்றே சொல்வேன்.

4. கொல்லும் அரசையே தோற்கடிப்பது. கொலை உண்மையிலேயே நின்ற இடங்கள் பெரும்பாலும் இந்த வகைதான், இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சியில்லை. 1979 ஜனவரி 7-ஆம் தேதி வியட்நாம் படை கம்போடியத் தலைநகர் நோம்பென்னுக்குள் நுழைந்தபோதுதான் சுமார் 17 லட்சம் பேரைப் பலிகொண்ட கெமர் ரூஜ் ஆட்சி முடிந்தது. அதற்கு உலகம் கொடுத்த பரிசு: ஐநாவில் கம்போடியாவின் இருக்கை வருஷக்கணக்கில் கெமர் ரூஜ் தரப்பிடமே இருந்தது, பிப்ரவரியில் சீனா வியட்நாம் மேல் படையெடுத்தது. அதே வருஷம் ஏப்ரலில் தான்சானியப் படை உகாண்டாவின் இடி அமீனை விரட்டியது. ருவாண்டாவிலும் கொலையை நிறுத்தியது ஐநா இல்லை, ஆர்பிஎஃப் என்ற கிளர்ச்சிப் படை வென்றதுதான் நிறுத்தியது. அதற்குள் சுமார் எட்டு லட்சம் பேர் செத்திருந்தார்கள்.

## 1971: நம் மலைக்காரருடைய போர்

நான்காம் வகைக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வங்கதேசம். அந்தப் போரின் ராணுவத் தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷா வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜின் கமாண்டன்டாக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்தவர், 2008 ஜூன் 27-ஆம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தவர். ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம், அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் "ஆபரேஷன் சர்ச்லைட்" தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகள், இந்துக்கள் வாழ்ந்த தெருக்கள், தேர்தலில் வென்ற அவாமி லீக் கட்சியின் ஆட்கள் எல்லாம் இலக்கு. அந்த வருஷ முடிவுக்குள் சுமார் ஒரு கோடி பேர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். செத்தவர்கள் 30 லட்சம் என்கிறது வங்கதேச அரசு, ஆய்வாளர்கள் பலர் அதைவிடக் குறைவாகச் சொன்னாலும் லட்சக்கணக்கில் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை.

மானெக்‌ஷா பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னபடி, ஏப்ரலில் இந்திரா காந்தியின் அமைச்சரவை உடனே படையெடுக்கக் கேட்டது, அவர் மறுத்தார். மழை வந்தால் வங்கத்து ஆறுகள் கடலாகிவிடும், இமயத்துக் கணவாய்கள் திறந்திருப்பதால் சீனா வரலாம், டாங்கிகள் தயாராக இல்லை, குளிர்காலம் வரை பொறுங்கள் என்றார். இந்திராவே அப்போது உடனடிப் போரை விரும்பினாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும் ராணுவக் கணக்கு சரியாகவே இருந்தது. டிசம்பர் 3 முதல் 16 வரை பதின்மூன்றே நாள், பாகிஸ்தான் தரப்பின் ஜெனரல் நியாஸி சரணடைந்து கையெழுத்திட்டார், சுமார் 93,000 பேர் பிடிபட்டார்கள். ஆனால் ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவில் எட்டு மாதம் கொலை நடந்துகொண்டே இருந்தது. ஏப்ரலில் போய்த் தோற்றிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதும் உண்மை, காத்திருந்த காலத்தில் கிராமம் கிராமமாக எரிந்தது என்பதும் உண்மை. தயாராகாத படையும் தாமதமான படையும் இரண்டுமே ஆட்களைக் காப்பாற்றுவதில்லை, இதற்கு எளிய விடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சட்டப்படி பார்த்தால்? இந்தியாவின் ஐநா தூதர் சமர் சென் வங்க மக்களை மீட்பதைப் பற்றிப் பேசினார், ஆனால் சட்ட வாதம் தற்காப்புதான், டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தான் நம் விமானத் தளங்களைத் தாக்கியது வசதியாகப் போயிற்று. டிசம்பர் 7-ஆம் தேதி பொதுச்சபையில் போர் நிறுத்தத்துக்கும் படை வாபஸுக்கும் 104 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு. உலகத்தின் பெரும்பகுதி இந்தியாவுக்கு எதிராக வாக்களித்தது. பாதுகாப்புச் சபையில் சோவியத் யூனியன் திரும்பத் திரும்ப வீட்டோ போட்டதால்தான் போர் முடிவு வரை போக முடிந்தது. வீட்டோ படுகொலைக்குத் துணை போகிறது என்று கோபப்படுகிறோம், எனக்கும் அந்தக் கோபம் உண்டு, ஆனால் 1971-இல் ஒரு வீட்டோ இல்லாமல் போயிருந்தால் டாக்கா விடுதலையாகியிருக்காது.

இந்த வெற்றியிலும் இரண்டு கறை உண்டு, மறைக்கக் கூடாது. இந்தியப் படை டாக்காவை நெருங்கிக்கொண்டிருந்த டிசம்பர் 14-ஆம் தேதி, தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பாகிஸ்தான் ராணுவமும் அதன் துணைப் படைகளும் பேராசிரியர்கள், டாக்டர்கள், பத்திரிகையாளர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். மீட்பு நெருங்க நெருங்கக் கொலைகாரன் வேகமெடுப்பான், திட்டத்திலேயே இதற்கு இடம் வைக்க வேண்டும். அப்புறம், விடுதலைக்குப் பிறகு உருது பேசும் பிஹாரிகள் மேல் பழிவாங்கல் நடந்தது.

இந்தியாவுக்குச் சொந்த லாபமும் இருந்தது, பாகிஸ்தான் இரண்டாகப் பிளந்தது. "அப்போ இது மனிதாபிமானமே இல்லை" என்கிறார்கள். லாபமே இல்லாத இடத்துக்குத் தன் பிள்ளைகளைச் சாக அனுப்பிய அரசு வரலாற்றில் மிகக் குறைவு. ருவாண்டாவில் யாருக்கும் லாபம் இல்லை, அங்கிருந்த ஐநா படையின் பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் கிளம்பியது, ஏப்ரல் 21-ஆம் தேதி பாதுகாப்புச் சபை தன் படையை சுமார் 2,500-இலிருந்து 270-ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. நோக்கம் சுத்தமா என்று பார்ப்பதைவிட, அந்த நோக்கம் கொலையை நிறுத்தும் வேலைக்குக் குறுக்கே வருகிறதா என்று பார்ப்பதுதான் உதவும்.

## பொறுப்பு என்று எழுதி வைத்தார்கள்

ருவாண்டா, ஸ்ரெப்ரெனிட்சா அவமானத்துக்குப் பிறகு 2001-இல் ஒரு சர்வதேசக் குழு "பாதுகாக்கும் பொறுப்பு" என்ற கோட்பாட்டை முன்வைத்தது. 2005 ஐநா உச்சி மாநாட்டில் எல்லா நாடுகளும் அதை ஒப்புக்கொண்டன. தன் மக்களைக் காப்பது ஒவ்வொரு அரசின் கடமை, வெளிப்படையாகத் தவறினால் உலகம் தலையிடலாம், ஆனால் படை என்றால் பாதுகாப்புச் சபை வழியாக மட்டும். ஆக வீட்டோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2011 மார்ச் 17-ஆம் தேதி லிபியாவுக்காக 1973-ஆம் எண் தீர்மானம் வந்தது. கிளர்ச்சியாளர்கள் கையிலிருந்த பெங்காசி நகரத்தை நோக்கி லிபிய ஆட்சியாளர் கடாபியின் படை போய்க்கொண்டிருந்த நேரம். பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்றது அது. பத்து நாடுகள் ஆதரவு, இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி வாக்களிக்கவில்லை. பெங்காசி தப்பியது. ஆனால் குண்டுவீச்சு அதோடு நிற்காமல் அக்டோபரில் கடாபி கொல்லப்படும் வரை போனது. ஊரைக் காக்க வாங்கிய அனுமதியை ஆட்சியை மாற்றப் பயன்படுத்தினார்கள் என்று ரஷ்யாவும் சீனாவும் சொல்லின, அதே மாதம் சிரியா பற்றிய தீர்மானத்தை இருவரும் வீட்டோ போட்டுத் தள்ளினார்கள். ரஷ்யாவுக்குச் சிரியாவில் வேறு கணக்கும் இருந்தது, லிபியா இல்லாவிட்டாலும் வீட்டோ வந்திருக்கலாம். ஆனால் லிபியாவில் வரம்பு மீறியவர்கள் அந்த வீட்டோவுக்கு ஒரு நல்ல காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

## பக்கத்துத் தீவு: 1987, 2009

1987 ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் இலங்கையின் சம்மதமில்லாமல் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டன, ஆபரேஷன் பூமாலை. ஜூலை 29-ஆம் தேதி ஒப்பந்தம், உடனே அமைதிப்படை. மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் போயின. அக்டோபரில் காக்கப்போன படை புலிகளோடு போரில் இறங்கியது, தமிழ் மக்களே அந்தப் படையால் கொல்லப்பட்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ராணுவத்தினரும் செத்தார்கள், 1990 மார்ச்சில் திரும்பி வந்தார்கள். யாரிடமிருந்து யாரைக் காக்கிறோம் என்ற கேள்விக்கு விடையில்லாமல் போன படைக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் வேறெங்கும் உதாரணம் தேட வேண்டாம்.

அதனால் 2009-இல் "இந்தியா படை அனுப்பியிருக்க வேண்டும்" என்று கேட்டால், நான் இல்லை என்றுதான் சொல்வேன். இலங்கை அரசு மூன்று முறை போர் தவிர்ப்பு வலயம் அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே ஷெல் அடித்தது. புலிகள் மக்களை வெளியே போகவிடாமல் மறித்தார்கள், தப்பியோடியவர்களைச் சுட்டார்கள். இரண்டையும் ஐநா நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவுசெய்திருக்கிறது, பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கலாம் என்றும் சொன்னது. இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருந்த ஒரு சின்னக் கடற்கரைத் துண்டுக்குள் மூன்றாவதாக ஒரு படை இறங்கியிருந்தால் அது இன்னொரு போர்.

ஆனால் படைக்குக் கீழே செய்யக்கூடியவை எத்தனையோ இருந்தன. 2008 செப்டம்பரில் அரசு சொன்னதும் ஐநா ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். வேண்டாம், போகாதீர்கள் என்று ஜனங்கள் வாசலில் நின்று மன்றாடினார்கள். போர்க்களத்துச் சாவுக் கணக்கை ஐநா அதிகாரிகள் சேகரித்தார்கள், முழுசாக வெளியிடவில்லை. பாதுகாப்புச் சபை ஒரு முறைகூட இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவில்லை. ஐநாவே நடத்திய உள் ஆய்வு 2012-இல் இதைப் பெருந்தோல்வி என்று ஒப்புக்கொண்டது. காயம்பட்டவர்களைக் கடல் வழியாக வெளியே கொண்டுவரச் செஞ்சிலுவைச் சங்கத்தால் முடிந்தது, ஆயிரக்கணக்கானோரைக் கொண்டும் வந்தார்கள். ஒரு கப்பல் போன இடத்துக்குப் பத்துக் கப்பல் போகவைக்க டில்லியால் முடிந்திருக்காதா? இந்தக் கேள்வியை டில்லியில் யாராவது அப்போது முறையாகக் கேட்டு ஆராய்ந்திருந்தால் அதை மக்கள் முன் வைக்க வேண்டும்.

## அடுத்த செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

1. கொலை எதனால் நடக்கிறது? வானொலியா, விமானமா, பட்டினியா, வீடு வீடாகப் போகும் கும்பலா? நாலாவதற்கு விமானம் அனுப்பிப் பயனில்லை, பட்டினிக்குப் பெரும்பாலும் பாதையைத் திறந்தால் போதும்.

2. "முடியாது" என்று சொல்பவர் ஆராய்ந்து சொல்கிறாரா, ஆராயாமல் சொல்கிறாரா? ஆராய்ந்தவரிடம் எண்கள் இருக்கும்: எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு பெட்ரோல்.

3. போகிற படை எந்த வேலை முடிந்தால் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறதா?

4. பிறகு அங்கே யார் ஆளப்போகிறார்கள்? 1972 மார்ச்சில் இந்தியப் படை டாக்காவிலிருந்து அணிவகுத்துக் கிளம்பியபோது முஜிபுர் ரகுமான் தலைமையில், தேர்தலில் வென்ற ஒரு கட்சியின் அரசு நடந்துகொண்டிருந்தது. லிபியத் தலைநகர் திரிப்போலியில் 2011 அக்டோபருக்குப் பிறகு இடைக்கால சபை என்று ஒன்று இருந்தது, ஆயுதக் குழுக்களிடமிருந்து துப்பாக்கியை வாங்கும் பலம் அதற்கு இல்லை, குண்டு போட்ட நாடுகளும் உதவிக்கு நிற்கவில்லை. கடாபியின் கிடங்குகளிலிருந்து போன ஆயுதங்கள் அடுத்த வருஷமே மாலியின் வடக்கில் வேறொரு போரை நடத்திக்கொண்டிருந்தன.